85 டிகிரியில் உட்கார்ந்த அம்மாவால் 45 டிகிரியில் உட்கார முடியவில்லை

போன மாதம் சித்தி மகள் சென்னையிலிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாள். புதிதாகச் சேர்ந்திருக்கும் ஜிம்மில் உடற்பயிற்சி முடிந்ததும் போய் உட்கார இரண்டு அறைகள் இருக்கின்றனவாம். ஒன்று மரப்பலகை அடித்த சௌனா, இன்னொன்று டைல்ஸ் ஒட்டிய ஸ்டீம் ரூம். "அக்கா, நீ ஃபின்லாந்துலதானே இருக்கே. எது உடம்புக்கு நல்லது? ரெண்டும் ஒண்ணுதானே?"

இரண்டும் ஒன்றில்லை. அதை நான் படித்துத் தெரிந்துகொண்டதைவிட, போன கோடையில் அப்பாவும் அம்மாவும் இங்கே வந்து தங்கிய ஏழு வாரங்களில் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான் அதிகம். அவளுக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தேன். அது நீண்டுகொண்டே போனதால் இங்கே எழுதிவிடுகிறேன்.

நான் இருப்பது தம்பெரேயில், ஹெர்வந்தா பக்கம். ஒன்பது வருடம் ஆகிறது. வந்த முதல் குளிர்காலத்தில் என்னைச் சௌனாவுக்குக் கூட்டிப்போனது கீழ்வீட்டுப் பாட்டி. எங்கள் அடுக்ககத்தின் அடித்தளத்தில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு சௌனா இருக்கிறது. வாரத்தில் ஒரு மணி நேரம் ஒவ்வொரு வீட்டுக்கும் முறை ஒதுக்கியிருப்பார்கள். பாட்டியின் முறை சனிக்கிழமை மாலை ஐந்திலிருந்து ஆறு. சனிக்கிழமைதான் இங்கே காலங்காலமாகச் சௌனா நாள், நமக்கு எண்ணெய்க் குளியல் போல. ஐம்பத்தைந்து லட்சம் பேர் உள்ள நாட்டில் முப்பது லட்சம் சௌனாக்கள் இருக்கின்றன என்பது கேட்கப் பெரிதாகத் தெரியும். ஆனால் வீட்டுக்குள், அடித்தளத்தில், ஏரிக்கரையில், அலுவலகத்தில் என்று இங்கே வாழ்ந்து பார்த்தவர்களுக்கு அது ஆச்சரியமாக இருக்காது. 2020 டிசம்பரில் யுனெஸ்கோ இதைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோது பாட்டி ஒரு கேக் செய்துகொண்டு வந்தார்.

முதல் நாள் பாட்டி எனக்குச் சொல்லிக்கொடுத்தது மூன்றே விஷயம். கீழ்ப்படியில் உட்கார். சௌனாவில் கோயிலில் இருப்பது போல இரு. போதும் என்று உடம்பு சொன்னால் உடனே வெளியே வா, யாரும் எண்ணிக்கொண்டிருக்கவில்லை. அடுப்புக்கு இங்கே கியுவாஸ் என்று பெயர். அதன்மேல் குவித்த கற்கள் காய்ந்து கிடக்கும். மர வாளியிலிருந்து ஓர் அகப்பைத் தண்ணீரை அந்தக் கற்களில் ஊற்றினால் ஒரு சீறல், இரண்டு மூன்று விநாடி அமைதி, அதற்கப்புறம் முதுகிலும் காதுமடலிலும் ஓர் அலை வந்து இறங்கும். அந்த அலைக்குத்தான் லோய்லு என்று பெயர். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. தோலுக்கு மட்டும்தான் தெரியும்.

சுவரில் இருந்த வெப்பமானி 85 காட்டியது. பாளையங்கோட்டையில் சித்திரை வெயில் 41 அடித்தால் வெளியே தலைகாட்ட மாட்டோமே, இங்கே எப்படி உட்கார்ந்திருக்கிறேன் என்று எனக்கு அன்றைக்குப் புரியவே இல்லை.

இதற்கான விடை இட்லிக் கொப்பரையில் இருக்கிறது. கேக் வேகும் ஓவனில் வெப்பம் 180 டிகிரி. அதற்குள் கையை விட்டுத் தட்டை எடுக்கிறோம், தட்டைத் தொடாதவரை கை சுடுவதில்லை. இட்லிக் கொப்பரையின் ஆவி 100 டிகிரிதான். மூடியைத் திறக்கும்போது ஒரு நொடி கை பட்டாலும் கொப்புளம். காய்ந்த காற்று சோம்பேறி, அதனால் சூட்டை மெதுவாகத்தான் தோலுக்குக் கடத்த முடியும். ஆவி அப்படியில்லை. தன்னைவிடக் குளிர்ந்த எதன்மேல் பட்டாலும் அது நீராக மாறும், மாறும்போது தனக்குள் வைத்திருந்த வெப்பம் முழுவதையும் அங்கேயே இறக்கிவிடும். ஒரு கிராம் ஆவி தோலில் படிந்து நீரானால் சுமார் 2,400 ஜூல் வெப்பம் இறங்குகிறது. அதே ஒரு கிராம் வெந்நீர் தோலில் 5 டிகிரி ஆறினால் கிடைப்பது வெறும் 21 ஜூல்.

இப்போது இரண்டு அறைகளையும் பாருங்கள். சௌனாவில் 80 முதல் 100 டிகிரி, ஈரப்பதம் பத்து இருபது சதவீதம். காற்றில் ஈரம் குறைவு என்பதால் வியர்வை ஆவியாகிறது, உடம்பு தன்னைத்தானே குளிர்வித்துக்கொள்கிறது. ஸ்டீம் ரூமில் 40 முதல் 50 டிகிரிதான், ஆனால் ஈரப்பதம் நூறு சதவீதம். அங்கே வியர்வை ஆவியாகவே முடியாது. போதாததற்கு, தோல் அறையைவிடக் குளிர்ந்திருப்பதால் அறையின் ஆவி தோலில் வந்து படிகிறது, குளிர்ந்த மோர்ச் சொம்பின் வெளிப்பக்கம் முத்து முத்தாக நீர் கோர்ப்பதைப் போல. ஸ்டீம் ரூமில் "எவ்வளவு வியர்க்கிறது பார்" என்று துடைத்துக் காட்டுகிறோமே, அதில் ஒரு பங்கு நம் வியர்வையே இல்லை, அறையின் நீர். ஒரு வழியில் வெப்பம் உள்ளே வந்துகொண்டே இருக்கிறது, வெளியேறும் வழி அடைபட்டிருக்கிறது. அதனால்தான் ஸ்டீம் ரூமை யாரும் 85 டிகிரிக்கு வைப்பதில்லை. வைத்தால் வெந்துவிடுவோம்.

சௌனாவில் லோய்லு வரும் அந்தச் சில விநாடிகளும் இதே கதைதான். ஊற்றிய தண்ணீர் ஆவியாகி அறையின் ஈரத்தைச் சட்டென்று ஏற்றுகிறது, கொஞ்ச நேரம் ஆவி தோலில் படிகிறது, அதுதான் அந்தச் சுரீர். ஃபின்லாந்துச் சௌனாவை "உலர் குளியல்" என்று சொல்வது அதனால் பாதி உண்மைதான். ஸ்டீம் ரூமில் எப்போதும் இருக்கும் ஈரம் இங்கே வந்து வந்து போகும். வெப்பமானியில் உள்ள எண்ணை மட்டும் வைத்து இரண்டையும் ஒப்பிடக்கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

சரி, உடம்புக்கு என்ன செய்கிறது என்பதற்கு வருகிறேன். இங்கே கிழக்கு ஃபின்லாந்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஐம்பது அறுபது வருடங்களுக்கு முன் அந்தப் பகுதி ஆண்கள் மாரடைப்பில் இறந்த வீதம் உலகிலேயே மிக அதிகமானவற்றில் ஒன்று. வெண்ணெய், உப்பு, சிகரெட். 1972இல் வட கரேலியாவில் பெக்கா புஸ்கா தலைமையில் ஊர் ஊராகச் சாப்பாட்டையே மாற்றும் ஒரு பெரிய வேலை தொடங்கியது. அதன் பக்கத்திலேயே, குவோப்பியோ நகரைச் சுற்றி, 1984 முதல் நடுவயது ஆண்களைச் சேர்த்து இதய நோய்க்கு எது எது காரணம் என்று பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். அவர்களிடம் கேட்ட கேள்விகளில் ஒன்று: வாரத்துக்கு எத்தனை முறை சௌனா போகிறீர்கள், எத்தனை நிமிடம் இருப்பீர்கள்?

அந்தக் கேள்விக்கான விடைகளை எடுத்து யாரி லவுக்கனென் என்ற இதய மருத்துவரும் குழுவினரும் 2015இல் வெளியிட்ட கட்டுரைதான் இன்றைக்கு உலகம் முழுக்கச் சௌனாவுக்காகக் காட்டப்படுவது. 42 முதல் 60 வயது வரையுள்ள 2,315 ஆண்கள், ஏறக்குறைய 20 ஆண்டுகள். வாரம் ஒரு முறை போனவர்களோடு ஒப்பிட்டால், நான்கு முதல் ஏழு முறை போனவர்களுக்குத் திடீர் இதய மரணத்தின் ஆபத்து 63 சதவீதம் குறைவு. இரண்டு மூன்று முறை போனவர்களுக்கு 22 சதவீதம் குறைவு.

என் வேலை மென்பொருள் சோதனை. ஒரு சதவீதத்தைக் கண்டால் அதற்குக் கீழே எத்தனை பேர் என்று தேடுவது பழக்கமாகிவிட்டது. வாரம் ஒரு முறை போனவர்கள் 601 பேர், அவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேர் திடீர் இதய மரணம் அடைந்தார்கள். இரண்டு மூன்று முறை போனவர்கள் 1,513 பேர், நூற்றுக்கு எட்டு. நான்கும் அதற்கு மேலும் போனவர்கள் 201 பேர்தான், நூற்றுக்கு ஐந்து, அதாவது மொத்தமே பத்து மரணங்கள். வயது, ரத்த அழுத்தம், புகை, மது, வருமானம், உடற்பயிற்சி எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துச் சரிசெய்த பிறகுதான் 63 வருகிறது. நேர்மையான ஆய்வு, எனக்கு அதன்மேல் மதிப்பு உண்டு. ஆனால் பத்து மரணங்களின்மேல் நிற்கும் எண்ணைப் பத்தாயிரம் மரணங்களின்மேல் நிற்பதாக நினைத்துக்கொள்ளக்கூடாது.

இன்னொன்று. இது கவனித்துப் பார்த்த ஆய்வு, ஆட்களைப் பிரித்துச் செய்த பரிசோதனை இல்லை. உடம்பு நன்றாக இருப்பவன்தான் வாரத்தில் ஐந்து நாள் சௌனாவுக்கு நடந்துபோவான், படி ஏறினால் மூச்சு வாங்குகிறவன் போக மாட்டான். நோய் இருப்பதால் சௌனா குறைந்ததா, சௌனா குறைந்ததால் நோய் வந்ததா என்பதை இப்படிப்பட்ட ஆய்வால் முழுவதும் பிரிக்க முடியாது. பெண்களையும் சேர்த்து 1,688 பேரை வைத்து 2018இல் வந்த கட்டுரையும் அதே திசையைத்தான் காட்டியது. உயர் ரத்த அழுத்தம், மறதி நோய் பற்றியும் இதே குவோப்பியோ ஆட்களிடமிருந்து நல்ல செய்திகள்தான் வந்தன. ஆனால் ஊரும் ஆட்களும் அதேதான் என்பதை மறக்கவேண்டாம்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பது இதைவிடத் தெளிவு. தோலின் ரத்தக்குழாய்கள் விரிகின்றன, ரத்தம் தோலுக்கு ஓடுகிறது, இதயம் நிமிடத்துக்கு 100க்கும் மேலே, சில சமயம் 150 வரை துடிக்கிறது. வேகமாக நடந்துபோகும்போது உடம்பில் ஆவதற்குப் பக்கத்தில் வரும். வெளியே வந்து ஆறியதும் அழுத்தம் கொஞ்சம் இறங்குகிறது. சுமார் நூறு பேரை அரை மணி நேரம் சௌனாவில் உட்காரவைத்து அளந்தபோது மேல் அழுத்தம் சராசரியாக 137இலிருந்து 130க்கு இறங்கியது.

ஸ்டீம் ரூமிலும் இதயம் வேகமாகத் துடிக்கும், குழாய்கள் விரியும். ஆகவே நன்மையும் ஒன்றாகவே இருக்கும் என்று நினைக்கத் தோன்றும். இருக்கலாம். ஆனால் குவோப்பியோ போல இருபது வருடம் காத்திருந்து பார்த்த எதுவும் ஸ்டீம் ரூமுக்கு இல்லை. அங்கே இருப்பவை சில பேரைச் சில வாரம் பார்த்த சின்ன ஆய்வுகள். சௌனாவின் எண்களை எடுத்து ஸ்டீம் ரூம் கதவில் ஒட்டக்கூடாது. இந்தியாவில் ஒரு ஹோட்டலில் அப்படித்தான் ஒட்டியிருந்தார்கள், மாரடைப்பைத் தடுக்கும் என்று. கூடவே உடம்பின் நச்சை எல்லாம் வெளியேற்றும், எடையைக் குறைக்கும் என்றும். நச்சைப் பிரித்து வெளியேற்றுவது ஈரலும் சிறுநீரகமும். வியர்வை பெரும்பாலும் தண்ணீரும் உப்பும்தான். குறைந்த அரைக் கிலோவும் இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தால் திரும்பிவிடும். அந்தத் தண்ணீரைக் குடித்தே ஆகவேண்டும் என்பதால், எடை குறைந்ததென்று குடிக்காமல் இருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கும்.

அப்பா அம்மா வந்தது ஜூன் முதல் வாரம். அப்பாவுக்கு 68, அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். ரத்த அழுத்தத்துக்குத் தினமும் ஓர் அம்லோடிபின். அம்மாவுக்கு 63, மழைக்காலத்தில் வீசிங் வரும், இன்ஹேலர் கைப்பையில் எப்போதும் இருக்கும். இருவரையும் கிளம்புவதற்கு முன்பே ஊரில் அவர்கள் பார்க்கும் டாக்டரிடம் கேட்கச் சொல்லியிருந்தேன். அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது, குறைந்த நேரம் உட்காரலாம், நெஞ்சில் ஏதாவது அசௌகரியம் வந்தால் விட்டுவிட வேண்டும் என்றாராம்.

முதல் சனிக்கிழமை அம்மாவையும் என்னையும் பாட்டி அவருடைய முறையிலேயே வரச் சொன்னார். இங்கே பெண்கள் உடையில்லாமல்தான் உட்காருவார்கள். அம்மாவுக்கு அது முடியாது என்று நான் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். பாட்டி ஒரு பெரிய லினன் துண்டைக் கொண்டுவந்து அம்மா தோளில் போர்த்திவிட்டு, தானும் ஒன்றைச் சுற்றிக்கொண்டார். அம்மாவுக்காகத் தன் வழக்கத்தை மாற்றிக்கொண்டார் என்று அம்மாவுக்கு நான் அப்புறம்தான் சொன்னேன். வெப்பமானி 85 காட்டிய அறையில், கீழ்ப்படியில், அம்மா எட்டு நிமிடம் உட்கார்ந்தாள். கீழே 60 டிகிரிகூட இருந்திருக்காது, வெப்பமானி தலை உயரத்தில் இருப்பது. வெளியே வந்து படிக்கட்டில் காற்றாட உட்கார்ந்தபோது, "மூச்சு நல்லா இழுக்க வருதுட்டி" என்றாள். மணி ஏழுக்கும் வெயில் உச்சிப்பொழுது போல அடித்தது.

அடுத்த வாரம் ஊர் நீச்சல் கூடத்துக்குப் போனோம். முழங்காலுக்குக் கீழ்வரை மறைக்கும் நீச்சல் உடை ஒன்றைத் தேடி வாங்கியிருந்தேன். குளத்துக்குப் பக்கத்தில் ஸ்டீம் ரூம். கண்ணாடிக் கதவுக்குள் வெள்ளையாகப் புகை போல ஆவி, யூகலிப்டஸ் வாசனை. அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "இதுதான்ட்டி நம்ம வேது பிடிக்கிறது. அது என்னமோ வறட்டு சூடு. இதுல உட்கார்ந்தா சளியெல்லாம் இளகிரும்." எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நொச்சி இலையும் மஞ்சளும் போட்டு, போர்வைக்குள் எங்கள் தலையை அழுத்திப் பிடித்து வளர்த்தவள் அவள். வீசிங் உள்ள அம்மாவுக்குச் சௌனாவைவிட இது இதமாக இருக்கும் என்று நானே கதவைத் திறந்துவிட்டேன்.

மூன்று நிமிடம் ஆகவில்லை. இருமல் ஆரம்பித்தது. சளி இளகும் இருமல் இல்லை, நெஞ்சைப் பிடிக்கும் வறட்டு இருமல். வெளியே கூட்டிவந்து பெஞ்சில் உட்காரவைத்து, லாக்கருக்கு ஓடி இன்ஹேலரை எடுத்து வந்தேன். லாக்கர் சாவி கையில் நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது. இரண்டு பஃப் எடுத்துப் பத்து நிமிடத்தில் சரியானாள். ஆவி அம்மாவுக்கு ஆகாமல் போகும் என்று எனக்குக் கனவிலும் தோன்றியதில்லை.

வீட்டுக்கு வந்து தேடியபோது கிடைத்தது. 2012இல் வந்த ஒரு சிறிய ஆய்வு. லேசான ஆஸ்துமா உள்ள ஆறு பேரை 49 டிகிரி ஈரக்காற்றை நான்கு நிமிடம் வேகமாகச் சுவாசிக்கவைத்தார்கள். அவர்களுடைய மூச்சுக்குழாய்கள் சுருங்கின, இருமல் வந்தது. ஆரோக்கியமானவர்களுக்கு அந்த அளவுக்கு ஆகவில்லை. சூடும் ஈரமும் சேர்ந்து மூச்சுக்குழாயில் உள்ள நரம்பு முனைகளைத் தூண்டிவிடுகின்றன. ஆறு பேர்தான், அதைவைத்து ஊருக்கே சட்டம் போட முடியாது. ஆனால் என் அம்மாவுக்கு நடந்தது அதேதான். யூகலிப்டஸ் போன்ற காரமான வாசனையும் சிலருக்கு வீசிங்கைக் கிளப்பும், அதுவும் சேர்ந்திருக்கலாம்.

வேது பிடிப்பதை நான் குறைத்துச் சொல்லவில்லை. மூக்கடைப்பு இருக்கும்போது அந்தப் பத்து நிமிடம் தரும் ஆறுதல் உண்மையானது, அதை அனுபவித்து வளர்ந்தவள் நான். ஆனால் சளிக்காய்ச்சலை ஆவி குணப்படுத்துகிறதா என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்களுக்கு உறுதியான பலன் எதுவும் கிடைக்கவில்லை. கொதிக்கும் பாத்திரம் கவிழ்ந்து குழந்தைகளுக்குத் தீக்காயம் ஆவதோ வருடா வருடம் நடக்கிறது. 2021இல் கொரோனா இரண்டாம் அலையின்போது பொது இடங்களில் குழாய் வைத்து ஆவி பிடிக்கவைத்ததையும், அது வேண்டாம் என்று சொல்லவேண்டி வந்ததையும் மறந்திருக்க மாட்டீர்கள். சௌனாவுக்கும் இதில் பெரிய பெருமை இல்லை. ஆஸ்திரியாவில் 25 பேரை ஆறு மாதம் தொடர்ந்து சௌனா போகச் சொல்லி, போகாத 25 பேரோடு ஒப்பிட்டதில், கடைசி மூன்று மாதங்களில் போனவர்களுக்குச் சளி பிடித்தது குறைந்தது. வந்த சளியை அது விரட்டும் என்பதற்கு அதில் சான்று இல்லை. சளி வராமல் தடுப்பது வேறு, வந்ததைத் தீர்ப்பது வேறு. காய்ச்சலோடு இரண்டுக்குள்ளும் போகவேண்டாம்.

சித்த, ஆயுர்வேத வைத்தியர்கள் நீராவிப் பெட்டியில் உட்காரவைக்கும்போது தலையை வெளியே விடுவதைக் கவனித்திருக்கிறீர்களா? உடம்பு ஆவியில், மூச்சு வெளிக்காற்றில். ஸ்டீம் ரூமில் அந்த வசதி இல்லை, அங்கே நூறு சதவீத ஈரத்தைத்தான் மூச்சாக இழுக்கவேண்டும். அம்மாவுக்கு அன்றைக்கு ஆனதை நினைக்கும்போதெல்லாம் அந்தப் பெட்டியின் அமைப்பில் எவ்வளவு யோசனை இருக்கிறது என்று தோன்றும்.

அப்பாவின் கதை வேறு. அவருக்குச் சூடு ஒரு பொருட்டே இல்லை. "முப்பது வருசம் எஞ்சின் பெட்டி பக்கத்துலயே உட்கார்ந்தவன்லா நான்" என்பார். பழைய பேருந்துகளில் ஓட்டுநரின் இடது காலை ஒட்டி எஞ்சின் இருக்கும், தெரியுமல்லவா? பிஸ்பாலா மேட்டில் ராயாபோர்த்தி என்று 1906இல் கட்டிய பொதுச் சௌனா ஒன்று இருக்கிறது, ஃபின்லாந்தில் இன்றும் நடப்பவற்றில் அதுவே பழையது. விறகு அடுப்பு, ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். உடன் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் அப்பாவை அங்கே கூட்டிப்போனார். மொழி தெரியாத ஆட்களோடு மேல்படியில் உட்கார்ந்து, அவர்கள் கொடுத்த பர்ச் இலைக் கொத்தால் முதுகில் அடித்துக்கொண்டு வந்திருக்கிறார். அதற்கு இங்கே விஹ்தா என்று பெயர். "வேப்பங்குழை அடிக்கிற மாதிரியே இருந்துச்சு பாப்பா, வாசனைதான் வேற" என்றார்.

அவர் சொல்லாமல் விட்டதை நண்பர் சொன்னார். மேல்படியில் பன்னிரண்டு நிமிடம் உட்கார்ந்துவிட்டுச் சட்டென்று எழுந்து இறங்கியிருக்கிறார். இரண்டாவது படியில் கண் இருட்டி, பக்கத்தில் இருந்தவர் கையைப் பிடித்திருக்கிறார். வெப்பத்தில் குழாய்கள் விரிந்து ரத்தம் தோலுக்குப் போயிருக்கும், எழுந்தால் காலுக்கு இறங்கும், அதோடு அம்லோடிபினும் குழாய்களை விரிக்கும் மருந்து. மூன்றும் ஒரே நேரத்தில் சேர்ந்தால் மூளைக்கு ஒரு கணம் ரத்தம் குறைகிறது. ஈரமான படி, பக்கத்தில் காயும் கல். விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்றிரவு நான் தூங்கவில்லை.

அதற்கப்புறம் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். நடுப்படி, எட்டு நிமிடம். எழுவதற்கு முன் கீழ்ப்படிக்கு நகர்ந்து ஒரு நிமிடம் காலைத் தொங்கவிட்டு உட்காருவது. வெளியே வந்து பத்து நிமிடம் சும்மா இருப்பது, மோரோ தண்ணீரோ குடிப்பது, வேண்டுமானால் இன்னொரு முறை. அழுத்தமானியைக் கொண்டுபோயிருந்தேன். ஒரு சனிக்கிழமை போவதற்கு முன் 142க்கு 86. முடிந்து அரை மணி கழித்து 128க்கு 78. ஒரு நாள் அளவு எதையும் நிரூபிக்காது, ஆனால் அன்றிரவு அவர் நடுவில் எழாமல் விடியும்வரை தூங்கினார், அதற்கு நான் சாட்சி. மாத்திரையை நிறுத்தலாமா என்று மட்டும் கேட்டார். கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன்.

ஏரியில் குதிப்பதை அப்பாவுக்கு நான் அனுமதிக்கவில்லை. விரிந்த குழாய்கள் குளிர்நீரில் ஒரே நொடியில் சுருங்கும், அழுத்தம் எகிறும். இளவயதுக்காரர்களுக்குச் சரி. அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், சும்மா இருக்கும்போதே நெஞ்சுவலி வருகிறவர்கள், இதய வால்வு மோசமாகச் சுருங்கியவர்கள் சௌனாவையே தவிர்க்கவேண்டும் என்றுதான் மருத்துவர்கள் சொல்கிறார்கள். மதுவைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். சௌனாவும் சாராயமும் தாரும் கைவிட்டால் அந்த நோய் சாவுக்குத்தான் என்று இங்கே ஒரு பழமொழி உண்டு. ஆனால் இந்த நாட்டில் சௌனாவில் நடந்த மரணங்களை ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது மதுவைத்தான். இன்னொரு காரணம் வீம்பு. ஹெய்னோலா என்ற ஊரில் யார் அதிக நேரம் உட்காருகிறார்கள் என்று உலகப் போட்டியே நடத்தினார்கள். 110 டிகிரி, அரை நிமிடத்துக்கு ஒரு முறை கல்லில் தண்ணீர். 2010இல் இறுதிச் சுற்றில் ஒருவர் இறந்தார். அதோடு போட்டியை நிறுத்திவிட்டார்கள். பாட்டி அதைப் பற்றிப் பேச்செடுத்தாலே முகம் சுருங்குவார். கோயிலில் போட்டி நடத்துவார்களா என்பார்.

தங்கச்சிக்கு இவ்வளவையும் சொல்லிவிட்டு, அவள் கேட்டதற்கு நேராகப் பதில் சொன்னேன். உனக்கு வீசிங் கிடையாது, இரண்டிலும் உட்காரலாம். ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றால் சௌனாவை எடுத்துக்கொள். அதன் பின்னால் இருபது வருடக் கணக்கு இருக்கிறது, வியர்வை தன் வேலையைச் செய்கிறது. ஆனால் முதலில் சுவரில் இருக்கும் வெப்பமானியைப் பார். குவோப்பியோ ஆட்கள் உட்கார்ந்தது சராசரியாக 79 டிகிரியில், ஒரு முறைக்கு 14 நிமிடம். உங்கள் ஜிம்மில் 55 காட்டினால் அது சுகமாக இருக்கும், அந்த ஆய்வோடு ஒப்பிடாதே. ஸ்டீம் ரூம் பிடித்திருந்தால் போ, தோலுக்கும் மனதுக்கும் இதம்தான், ஐந்து ஆறு நிமிடத்தோடு வெளியே வந்துவிடு, செருப்புப் போட்டுக்கொள், ஈர டைல்ஸில் கால் பூஞ்சை சுலபமாக ஒட்டும். சௌனாவில் பலகைமேல் துண்டு விரித்து உட்கார்.

உடற்பயிற்சி முடிந்த உடனே போகாதே என்றும் சொன்னேன். உடம்பு ஏற்கெனவே சூடேறி நீர் இழந்திருக்கும். தம்பெரேயில் வெளியே மைனஸ் 15இல் நின்றால் இரண்டு நிமிடத்தில் ஆறிவிடும். சென்னையில் மே மாதம் வெளியே வந்தால் அங்கேயும் 40 டிகிரியும் ஈரக்காற்றும், ஆறுவதற்கு இடமே இல்லை. சௌனாவில் பாதி வேலையைச் செய்வது ஆறும் நேரம்தான். ஆகவே குளிர்ந்த நீரில் குளி, காற்றாடிக்குக் கீழே பதினைந்து நிமிடம் உட்கார், அதற்கப்புறம் வண்டியை எடு.

இன்னொன்றையும் சேர்த்தேன், அவள் கேட்கவில்லை என்றாலும். பிள்ளைக்கு முயற்சி செய்துகொண்டிருக்கும் ஆண்கள் கொஞ்ச காலம் இரண்டையும் தள்ளிவைப்பது நல்லது. இத்தாலியில் பத்து ஆண்களை மூன்று மாதம் வாரம் இரண்டு முறை சௌனாவில் உட்காரவைத்தபோது விந்தணு எண்ணிக்கை குறைந்தது. நிறுத்திய ஆறு மாதத்தில் பழையபடி ஆனது. கருவுற்ற முதல் மூன்று மாதங்களில் பெண்கள் உடம்பை இப்படிச் சூடேற்றுவது குழந்தையின் முதுகுத்தண்டு உருவாவதைப் பாதிக்கலாம் என்பதால் அதையும் டாக்டரைக் கேட்காமல் செய்யவேண்டாம். ஃபின்லாந்துப் பெண்கள் கர்ப்பத்திலும் போவார்கள்தான், முந்தைய தலைமுறையில் பிரசவமே சௌனாவில்தான் நடந்தது. ஆனால் அவர்கள் சிறு வயதிலிருந்து பழகியவர்கள், மிதமான சூட்டில் கொஞ்ச நேரம்தான் உட்காருவார்கள்.

அம்மா ஊருக்குக் கிளம்புவதற்கு முன், நடுக்கோடைத் திருநாள் வாரத்தில், பாட்டி அவளுக்கு விஹ்தா கட்டக் கற்றுக்கொடுத்தார். இலை தளிராக இருக்கும் அந்தச் சில வாரங்களில் கட்டி உறையவைத்தால் குளிர்காலம் முழுக்க வரும். அம்மா பூக்கட்டும் கை, ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள். மூன்று கட்டினாள். இரண்டைப் பாட்டி எடுத்துக்கொண்டார். ஒன்று என் ஃப்ரீசரில், பச்சைப் பட்டாணிக்குப் பக்கத்தில் இருக்கிறது. வெளியே பனி முழங்கால் அளவு. வரும் சனிக்கிழமை அதை வெதுவெதுப்பான நீரில் ஊறப்போடச் சொல்லி அம்மா நேற்றுப் போனில் நினைவுபடுத்தினாள்.